மாமனார் ஒன்று சொல்கிறார், மருமகள் ஒன்று சொல்கிறார்

கேள்வி: சார், நான் மஸ்கட்டில் நர்ஸ். கணவருக்கும் இங்கேதான் வேலை. மார்த்தாண்டம் பக்கம் எங்களுக்கு 8 சென்ட் இருக்கிறது. பழைய ரப்பர் விளை, சரிவான இடம். அதில் 1,600 சதுர அடியில் வீடு கட்ட ஒரு குடும்பத்தாரிடம் பேசியிருக்கிறோம். அப்பா முன்பு கொத்தனார். மூத்த மகன் டிப்ளமோ சிவில். இளைய மகன் ஆட்களையும் சாமான்களையும் பார்க்கிறார், அவர் மனைவி ஆர்க்கிடெக்ட். பணக் கணக்கு அம்மாவிடம். எல்லாரும் நல்ல மாதிரி, ஆனால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். மருமகள் நடுமுற்றம் வைத்துப் படம் வரைந்து தந்தார், எங்களுக்குப் பிடித்துப்போயிற்று. மாமனாரோ, "மக்களே, நம்ம ஊரு மழைக்கு அது சரிப்படாது" என்கிறார். சதுர அடிக்கு 2,400 ரூபாய் பேச்சு. 5 லட்சம் முன்பணத்தை அப்பா கணக்கில் போடச் சொல்கிறார்கள். என் அத்தான், "குடும்பக்காரங்ககிட்ட கொடுக்காதே, நாகர்கோவிலில் பெரிய கம்பெனியைப் பார்" என்கிறார். மே மாதம் லீவில் வருகிறேன். என்ன செய்யட்டும்?

பதில்: சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, நீங்கள் குறையாகச் சொல்லியிருக்கும் அந்த விஷயம்தான். மாமனாரும் மருமகளும் உங்கள் முன்னாலேயே முரண்படுகிறார்கள். அது நல்ல சகுனம் என்பேன். வீட்டுக்குள் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, சைட்டில் ஆளுக்கு ஆள் தன் இஷ்டத்துக்கு மாற்றுகிற குடும்பங்களைத்தான் பார்த்துப் பயப்பட வேண்டும். அப்படி ஒன்றில் நானே மாட்டியிருக்கிறேன், பிறகு சொல்கிறேன்.

அத்தான் சொல்வதை முதலில் பார்த்துவிடலாம். பெரிய கம்பெனி என்றால் என்ன? போர்டு பெரிது, ஆபீஸில் ஏசி. வேலைக்கு வருவது அதே கொத்தனார்கள், அதே வடநாட்டுப் பையன்கள்தான். நடுவில் ஒரு சைட் இன்ஜினியர், அவரும் ஆறு மாதத்தில் வேறு இடம் போய்விடுவார். குடும்பத் தொழிலில் இருப்பவர்கள் எங்கும் போக மாட்டார்கள். உங்கள் வீடு ஒழுகினால் சந்தையில் உங்கள் அம்மா முகத்தில் அவர்கள் முழித்தாக வேண்டும். அந்த வெட்கத்துக்கு விலை உண்டு. ஆனால் அதை மட்டும் நம்பி 38 லட்சத்தைக் கொடுக்க முடியாது, சரிதானே.

குடும்பத் தொழிலில் உண்மையில் கேட்க வேண்டியது, நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தை அவர்களில் யார் காதில் விழுந்து, யார் வாய் வழியாகப் போய், யார் கையில் செங்கலாகிறது என்பதுதான். அந்த வழியில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் போதும். ஆட்கள் நல்லவர்களா என்ற கேள்வியே அப்புறம் வராது. பெரும்பாலும் நல்லவர்கள்தான்.

என் கதை இதுதான். நாகர்கோவிலில் நான் வீடு கட்டியபோது ஒரு அப்பாவும் இரண்டு மகன்களும் வேலை எடுத்தார்கள். நானே இன்ஜினியர், ஏமாற மாட்டேன் என்று ஒரு திமிர். என் அம்மாவுக்கு மூட்டுவலி. அதனால் மாடிப்படி ஒவ்வொன்றும் 6 அங்குலம்தான் ஏற வேண்டும் என்று பெரியவரிடம் சொன்னேன். தளத்துக்குத் தளம் 10 அடி, ஆக 20 படி. "ஆட்டும் சார்" என்று தலையாட்டினார். அந்த வாரம் அவர் வீட்டில் ஒரு கல்யாணம், தோவாளைக்குப் போய்விட்டார். இளைய மகனுக்கு இடம் பற்றவில்லை. ஏழரை அங்குலம் வைத்து 16 படியில் முடித்து, வார்த்தும் விட்டான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, யாரும் அவனிடம் சொல்லவே இல்லையே. நான் அப்பாவிடம் சொன்னேன், அப்பா தன் மனதோடு வைத்துக்கொண்டார். படத்தில் படிக்கட்டு என்று வெறும் கோடுகள்தான் இருந்தன. புளி காயப்போட மொட்டை மாடிக்கு ஏறுவதை அம்மா அன்றோடு விட்டுவிட்டார்.

ஆகவே மே மாதம் வந்ததும் ஒரு நாள் அந்த ஐந்து பேரையும் ஒரே மேசையில் உட்கார வையுங்கள். காசு பார்க்கும் அம்மாவும் கட்டாயம் இருக்க வேண்டும். நடுமுற்றத்தைப் பற்றி நீங்களே பேச்சை எடுங்கள். எடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு கவனியுங்கள். மருமகள் பேசும்போது மாமனார் கேட்கிறாரா, இல்லை வெற்றிலைச் செல்லத்தைத் திறக்கிறாரா? மாமனார் சொல்வதை மருமகள் குறித்துக்கொள்கிறாரா? கடைசியில் "இப்படிச் செய்யலாம்" என்று யார் முடிக்கிறார்? அவர்தான் உங்கள் வீட்டைக் கட்டப்போகிறவர், போர்டில் யார் பெயர் இருந்தாலும்.

அந்த நடுமுற்றச் சண்டையில் இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. நம் மாவட்டத்துக்கு ஜூனில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை. விளவங்கோடு பக்கம் இரண்டும் நன்றாகவே அடிக்கும். இதே மழையில்தான் பத்மநாபபுரம் அரண்மனை முற்றம் முற்றமாக நின்றுகொண்டிருக்கிறது. நம் பழைய நாலுகெட்டு வீடுகளில் முற்றம் திறந்தே கிடக்கும். நான்கு பக்கமும் ஓட்டுக்கூரை உள்நோக்கிச் சரியும், தண்ணீர் தாழ்ந்த கல்தளத்தில் விழும், ஓவு என்கிற வடிகால் வழியாக வெளியே ஓடும். வீட்டுக்குள் மழை பெய்வதை அவர்கள் ஒப்புக்கொண்டு, அதற்கு வழியும் விட்டிருந்தார்கள்.

இப்போது நாம் என்ன செய்கிறோம்? தட்டை வார்ப்பில் ஒரு சதுரம் விட்டு, மேலே கண்ணாடியோ பாலிகார்பனேட் ஷீட்டோ போட்டு மூடுகிறோம். ஷீட்டும் கான்கிரீட்டும் சேரும் இடத்தில் சிலிக்கான் பசை. இரண்டு வெயில் பார்த்ததும் பசை விட்டுவிடும். மாமனார் பயப்படுவது இதற்குத்தான், பத்து வீட்டில் பார்த்திருப்பார். ஆகவே மருமகளிடம் முற்றத்தின் குறுக்குவெட்டுப் படம் ஒன்று கேளுங்கள். திறப்பைச் சுற்றி மாடித் தளத்துக்கு மேல் ஒன்பது அங்குலமாவது கான்கிரீட் கட்டை எழும்ப வேண்டும், அதுவும் தளத்தோடு சேர்த்து வார்த்ததாக, பிறகு செங்கல் வைத்துக் கட்டியதாக இருக்கக் கூடாது. ஷீட் அந்தக் கட்டையைத் தாண்டி ஓர் அடி வெளியே நீள வேண்டும். கீழே முற்றத்தின் தரை வீட்டுத் தரையைவிடத் தாழ்ந்து, நாலு அங்குலக் குழாய் ஒன்றுக்கு இரண்டாக வெளியே போக வேண்டும், ஒன்றில் மாவிலை அடைத்தாலும் இன்னொன்று இழுக்க. இந்தப் படத்தை மாமனார் கையில் கொடுத்து, "இப்ப சரிப்படுமா?" என்று கேளுங்கள். சரிப்படும் என்றால் முற்றம் வையுங்கள். அவர் சரி சொல்லாத முற்றத்தை அவர் ஆட்களை வைத்துக் கட்ட வேண்டாம்.

இதே மாதிரி இன்னொரு இடத்திலும் இடிக்கும், நீங்கள் எழுதவில்லை, ஆனால் நம் ஊர்ப் பெரியவர் என்பதால் ஊகிக்கிறேன். கோல் கணக்கு. பழைய ஆட்கள் அறையின் சுற்றளவைக் கோலிலும் விரலிலும் கணக்குப் பார்ப்பார்கள். ஒரு கோல் 24 விரல், 72 சென்டிமீட்டர். மருமகள் மில்லிமீட்டரில் வரைந்திருப்பார். நூல் பிடிக்கும் அன்று பெரியவர் கணக்குச் சரியாக வரட்டும் என்று சுவரை இரண்டு விரல் தள்ளிவிடுவார், அதாவது ஆறு சென்டிமீட்டர். ஒன்றும் ஆகாது என்றுதான் தோன்றும். ஆனால் படுக்கையறையில் ஏழடி அலமாரிக்கு விட்ட இடத்தில் அலமாரி நுழையாது. கோல் கணக்கு உங்களுக்கும் வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள், என் வீட்டிலும் இருக்கிறது. படம் வரைவதற்கு முன்பே மாமனாரும் மருமகளும் உட்கார்ந்து அந்தக் கணக்கை முடித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

மருமகளின் படிப்பு பற்றி ஒரு வார்த்தை. 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கட்டடக்கலைக் கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் தன்னை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ளலாம். பதிவு எண் 'சிஏ' என்று தொடங்கும், கூச்சப்படாமல் கேளுங்கள், பதிவு உள்ளவர்கள் சந்தோஷமாகவே காட்டுவார்கள். ஆனால் ஆர்க்கிடெக்ட் படம் வேறு, கம்பி விவரப் படம் வேறு. எந்த பீமில் எத்தனை கம்பி, என்ன தடிமன் என்பதை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கணக்குப் போட்டுக் கையெழுத்துப் போட்ட தாளாகக் கேட்டு வாங்குங்கள். "எங்க அண்ணன் அனுபவத்துல போட்டுருவாரு" என்றால் விடாதீர்கள். சரிவான ரப்பர் விளை வேறு.

அந்தச் சரிவுதான் உங்கள் பட்ஜெட்டைத் தின்னப்போகிறது. சதுர அடிக்கு 2,400 வீதம் 1,600 சதுர அடிக்கு 38,40,000 ரூபாய். இதில் சரிவு மண்ணைத் தாங்கும் பக்கச்சுவர் சேர்ந்திருக்கிறதா? சேர்ந்திருக்காது. காம்பவுண்டு, செப்டிக் டேங்க், கிணறு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பொதுவாக வெளியேதான். மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பினால், நிரப்பிய மண் மழையில் ஊறி வெளியே தள்ளும். அதைத் தாங்கும் கருங்கல் கட்டில் தண்ணீர் வடியக் குழாய் விடாவிட்டால் இரண்டாவது மழையிலேயே வயிறு தள்ளிவிடும். எத்தனை அடி நீளம், எத்தனை அடி உயரம், என்ன ரேட் என்று தனியாக எழுதி வாங்குங்கள். வீட்டை இரண்டு மட்டமாகப் படி வைத்து இறக்க முடியுமா என்றும் மருமகளிடம் கேளுங்கள், பக்கச்சுவர் செலவு பாதியாகக் குறையவும் கூடும். இந்தக் கேள்விக்கு அவர் எப்படிப் பதில் சொல்கிறார் என்பதிலேயே அவர் இடத்தை வந்து பார்த்தாரா, கூகுள் மேப்பில் பார்த்தாரா என்று தெரிந்துவிடும்.

இனி மூத்தவரும் இளையவரும். இங்கே மாமனார் மருமகள் மாதிரி சத்தமாகச் சண்டை வராது, அதனால்தான் ஆபத்து. வார்ப்பு போட்டபின், அதை அடியில் தாங்கி நிற்கும் முட்டை எப்போது பிரிப்பது என்று மூத்தவருக்குப் புத்தகப்படி தெரியும். நாலரை மீட்டர் வரை உள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் போனால் 14 நாள், ஆறு மீட்டருக்கு மேற்பட்ட பீமுக்கு 21 நாள் என்கிறது இந்தியத் தர விதி ஐஎஸ் 456. ஆனால் சென்டரிங் தகடும் முட்டும் இளையவர் கையில். சின்னக் குடும்பத் தொழில் என்றால் பெரும்பாலும் ஒரு செட் தகடுதான் இருக்கும், அதே வாரம் கருங்கலிலோ குலசேகரத்திலோ இன்னொரு வீட்டுக்குத் தேதி கொடுத்திருப்பார். அங்கே வாடகைக்கு எடுத்தால் கைக்காசு போகும். அதனால் உங்கள் ஹாலில் 14 நாள் நிற்க வேண்டிய முட்டு எட்டாம் நாள் லாரி ஏறும். அண்ணன் அன்று பஞ்சாயத்து ஆபீஸில் உங்கள் அனுமதிக்காகவே நின்றுகொண்டிருப்பார். இது கெட்ட எண்ணமே இல்லை, ஒரு வீட்டில் இரண்டு பேருக்கு இரண்டு அவசரம். முட்டு பிரிக்க மூத்த மகன் எழுதிக் கொடுக்க வேண்டும், அது இல்லாமல் பிரிக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள். உங்கள் அம்மாவிடம் தேதியைச் சொல்லி, காலண்டரில் வட்டம் போட்டு வைக்கச் சொல்லுங்கள். மகன்கள் என்னைவிட உங்கள் அம்மாவுக்குத்தான் பயப்படுவார்கள்.

அனுமதி என்றதும் ஞாபகம் வந்தது. 2024 ஜூலையில் தமிழ்நாட்டில் வந்த சுயசான்று முறையில் உடனே அனுமதி வாங்கிவிடலாம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அது 2,500 சதுர அடி வரை உள்ள மனைக்குத்தான். உங்கள் 8 சென்ட் கிட்டத்தட்ட 3,485 சதுர அடி. ஆக உங்களுக்கு வழக்கமான முறைதான், அதற்கு ஆகும் நாட்களைக் கணக்கில் வையுங்கள். அதேபோல் ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப் பதிவு எண் கேள் என்று அத்தான் சொன்னால், சொந்த மனையில் சொந்த வீடு கட்டக் கொடுக்கும் வேலைக்கு அது பொருந்தாது. உங்களுக்குத் தகராறு வந்தால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான் வழி. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தில் வீடு கட்டித் தருவதும் சேவை என்றே இருக்கிறது. ஆனால் அங்கே போய் நின்றால் முதல் கேள்வி, "ஒப்பந்தம் எங்கே?"

அந்த ஒப்பந்தம் யாரோடு? இதைத்தான் எல்லாரும் கோட்டைவிடுகிறார்கள். பேசியது மருமகள், கட்டுவது மகன்கள், பணம் போவது அப்பா கணக்குக்கு. தொழில் அப்பா பெயரில் மட்டும் நடக்கிறதா, கூட்டாகப் பதிவு செய்ததா என்று கேளுங்கள். அப்பா பெயரில் மட்டும் என்றால், ஒப்பந்தத்தில் இரண்டு மகன்களும் சாட்சியாக அல்ல, பொறுப்பேற்பவர்களாகக் கையெழுத்துப் போடட்டும். கூட்டுத் தொழில் என்றால், வேறு மாதிரி எழுதி வைத்திருந்தால் ஒழிய, கூட்டாளி ஒருவர் காலமானால் கூட்டே கலைந்துவிடும் என்பது 1932-ஆம் ஆண்டுச் சட்டம். பெரியவருக்கு வயது என்ன என்று நீங்கள் எழுதவில்லை. நான் அபசகுனமாகப் பேசுவதாக நினைக்காதீர்கள், எத்தனையோ பாதி வீடுகளைப் பார்த்துவிட்டேன். இன்னும் கேட்டால், அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரிவதில் நிற்கும் வீடுகள்தான் அதிகம்.

முன்பணம் 5 லட்சம் அதிகம். வானம் தோண்டி அஸ்திவாரக் கல் இறக்க ஒன்று, ஒன்றரை லட்சம் கொடுங்கள். மீதி பேஸ்மெண்ட், லிண்டல், வார்ப்பு, பூச்சு என்று வேலை முடிய முடிய, ஒவ்வொரு தடவையும் வங்கி வழியாக, ஒப்பந்தத்தில் உள்ள பெயருக்கே. "அவசரம், என் அக்கவுண்டுக்குப் போட்டு விடுங்க அக்கா" என்று இளையவர் போன் செய்வார். போடாதீர்கள். அவர் கணக்கில் போட்ட பணம் அம்மாவின் நோட்டில் ஏறாது, மாதக் கடைசியில் அந்த அம்மா நீங்கள் பாக்கி என்பார், நீங்கள் கொடுத்தாயிற்று என்பீர்கள். கடைசி ஐந்து சதவீதம், அதாவது 1,92,000 ரூபாய், பால் காய்ச்சிக் குடியேறி ஒரு மழைக்காலம் போனபின் தருவதாக எழுதுங்கள். முகம் சுளிப்பார்கள், ஒப்புக்கொள்வார்கள். அப்புறம், 2,400-ல் ஜிஎஸ்டி உண்டா இல்லையா என்றும் கேட்டுவிடுங்கள். சாமானோடு சேர்ந்த ஒப்பந்தத்துக்கு, பதிவு பெற்ற காண்டிராக்டர் என்றால் 18 சதவீதம். கடைசியில் தெரிந்தால் ஏழு லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக ஒரு அதிர்ச்சி.

மாற்றம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மருமகளிடம் மட்டும், எழுத்தில். எவ்வளவு கூடும், எவ்வளவு குறையும் என்று அவர் எழுதிப் பதில் போட்ட பிறகே வேலை. மஸ்கட்டில் நைட் டூட்டி முடித்துவிட்டுப் பெரியவருக்குப் போன் போட்டு, "மாமா, அடுக்களை ஜன்னலைக் கொஞ்சம் பெரிசாக்குங்க" என்று சொல்லும் ஆசை உங்களுக்கு வரும். அவரும் ஆட்டும் மக்களே என்பார். என் படிக்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

மே மாதம் வந்தால் உடனே பூமி பூஜை என்று நிற்க வேண்டாம். ஜூனில் வானம் தோண்டினால் நீங்கள் கட்டப்போவது குளம். மழையோடு மழையாகப் படங்களையும் அனுமதியையும் ஒப்பந்தத்தையும் முடித்துத் தை மாதம் வேலை தொடங்கினால், அடுத்த மழைக்கு முன் வார்ப்பு போட்டுவிடலாம். மே கடைசியில் நல்ல மழை பிடிக்கும் ஒரு சாயங்காலம், இவர்கள் மூன்று நான்கு வருடத்துக்கு முன் கட்டிய ஒரு வீட்டுக்குச் சொல்லாமல் போங்கள். இவர்களே கூட்டிப்போகும் வீட்டுக்கு அல்ல. குளியலறைச் சுவரின் வெளிப்பக்கத்தைப் பாருங்கள், மாடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலையைப் பாருங்கள், பெருக்கித் துடைக்கிற அக்காவிடம் எங்கே ஈரம் வருகிறது என்று கேளுங்கள். ஏதாவது ஒரு இடத்தில் ஈரம் இருக்கத்தான் செய்யும். போன் போட்டால் அந்த வீட்டில் யார் வந்து பார்த்தார், எத்தனை நாளில் வந்தார் என்று கேட்டுவிட்டு எனக்கு மறுபடியும் எழுதுங்கள்.